கட்டாய ஓவர்டைமும் ஒரு சிப்ஸ் ஆலையும்: டொபீகா 2021

2021 ஜூலை 5, திங்கட்கிழமை. அமெரிக்காவில் சுதந்திர தினக் கொண்டாட்டம் முடிந்த மறுநாள். கேன்சஸ் மாநிலத் தலைநகரான டொபீகாவில் இருக்கும் ஃப்ரிட்டோ-லே ஆலையின் தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் ஆலை வாசலில் பதாகையோடு நின்றார்கள். லேஸ், டோரிடோஸ், சீட்டோஸ் என்று நம் ஊர்ப் பெட்டிக்கடை வரை தொங்குகிற பெயர்களுக்குச் சொந்தக்கார நிறுவனம்தான். அதற்கும் மேலே தாய் நிறுவனமாக பெப்சிகோ. ஏறக்குறைய 850 பேர் வேலை பார்க்கும் ஆலையில் சுமார் 600 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பேக்கரி, மிட்டாய், புகையிலை, தானிய ஆலைத் தொழிலாளர்களுக்கான சங்கத்தின் 218-ஆவது உள்ளூர்க் கிளை அவர்களுடையது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேலைநிறுத்தத்துக்கு முன்பே ஒரு ஒப்பந்த வரைவு தயாராகி இருந்தது. சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவே அதை ஏற்கலாம் என்று பரிந்துரைத்தது. உறுப்பினர்கள் அதை ஓட்டுப்போட்டுத் தூக்கி எறிந்தார்கள். தலைவர்கள் தூண்டிவிட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள் என்று வழக்கமாகச் சொல்கிற கதை இங்கே செல்லாது. கீழே இருந்தவர்கள்தான் முடியாது என்றார்கள், தலைவர்கள் பின்னால் வர வேண்டியிருந்தது.

கேன்சஸ் பற்றியும் ஒரு வரி. அங்கே சட்டப்படி யாரையும் சங்கத்தில் சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது; சேராமலே சங்கம் வாங்கித் தரும் ஒப்பந்தத்தின் பலனை அனுபவிக்கலாம். அப்படிப்பட்ட மாநிலத்தில், கூலி வராத நாட்களைத் தெரிந்தே தேர்ந்தெடுத்து இத்தனை பேர் ஒரே நாளில் வெளியே வருகிறார்கள் என்றால் உள்ளே ஏதோ வெகுநாளாக அழுகிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அது கட்டாய ஓவர்டைம். சம்பளமும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அடிப்படைக் கூலியை ஏற்றாமல் அவ்வப்போது ஒரு மொத்தத் தொகையைப் போனஸாகக் கொடுத்துச் சமாளித்துவிட்டார்கள், பத்தாண்டுகளில் மணிக்கூலி சில சென்ட்டுகள்தான் கூடியது என்று நெடுங்காலத் தொழிலாளர்கள் பலர் சொன்னார்கள். ஆனால் வாசலில் நின்றவர்கள் திரும்பத் திரும்பப் பேசியது நேரத்தைப் பற்றி.

ஷிஃப்ட் எப்படி ஓடியது

வழக்கமான ஷிஃப்ட் 8 மணி நேரம். ஆள் பற்றாக்குறை என்றால் உள்ளே இருப்பவரை இன்னும் 4 மணி நேரம் நிறுத்திவைப்பார்கள், அல்லது அடுத்த ஷிஃப்டுக்கு 4 மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள். இரண்டும் ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து விழும்போதுதான் கொடுமை. உதாரணத்துக்கு, காலை 7 மணிக்கு உள்ளே போனவர் மாலை 7 மணிக்கு வெளியே வருகிறார். மறுபடி அதிகாலை 3 மணிக்கு லைனில் நிற்க வேண்டும். நடுவில் 8 மணி நேரம். அதில் வண்டி ஓட்டி வீட்டுக்குப் போவது, குளிப்பது, சாப்பிடுவது, பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது, திரும்பக் கிளம்புவது எல்லாம் அடக்கம். தூக்கத்துக்கு 5 மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஒப்பந்தப் பேச்சில் இதற்கு 'ஸ்க்வீஸ் ஷிஃப்ட்' என்று நாகரிகமாகப் பெயர். தொழிலாளர்கள் வைத்திருந்த பெயர் 'தற்கொலை ஷிஃப்ட்'. வேலைநிறுத்தச் செய்தி அமெரிக்கா முழுக்கப் பரவியதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம்.

வாரம் 7 நாளும் 12 மணி நேரம் என்று போனால் 84 மணி நேரம். வாரக்கணக்கில் விடுப்பே இல்லாமல் இப்படி ஓடியவர்கள் இருந்தார்கள் என்று சங்கம் சொன்னது. பிள்ளைகள் வளர்ந்ததையே பார்க்கவில்லை, குடும்பம் உடைந்துவிட்டது என்று தொழிலாளர்கள் செய்தியாளர்களிடம் பேசினார்கள். கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்த அமெரிக்கா கொறித்துத் தள்ளியது; சிப்ஸ் விற்பனை ஏறியது; பெப்சிகோவின் 2020-ஆம் ஆண்டு வருவாய் 7,000 கோடி டாலரைத் தாண்டியது. பலர் வீட்டிலிருந்து வேலை பார்த்த அதே மாதங்களில் இவர்கள் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

காசு வந்தும் ஏன் கசந்தது

இங்கே நம் ஊர் மேனேஜர்கள் உடனே கேட்கிற கேள்வி: ஓ.டி.க்குக் காசு கொடுத்தார்கள்தானே? கொடுத்தார்கள். அமெரிக்கச் சட்டப்படி வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் செய்யும் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு கூலி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 84 மணி நேரத்தில் 40 போக மீதி 44. அதை ஒன்றரையால் பெருக்கினால் 66. ஆக 106 மணி நேரக் கூலி. சாதாரண வாரத்தைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஓ.டி. இல்லாத மாதத்தில் வீட்டுக் கடன் தவணை கட்டத் திணறுகிறவர்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். திருப்பூரிலும் ஓசூரிலும் சம்பளத்தை நம்பாமல் ஓ.டி.யை நம்பியே சீட்டுக் கட்டுகிறவர்களைப் பார்க்கலாம். ஓ.டி. என்றாலே தொழிலாளிக்கு வெறுப்பு என்று நினைத்தால் தொழிலாளியையே தெரியாது என்று அர்த்தம்.

அப்புறம் ஏன் இந்தக் கோபம்? "இன்றைக்கு நிற்கிறாயா?" என்று கேட்பதற்கும் "இன்றைக்கு நிற்கிறாய்" என்று சொல்வதற்கும் நடுவில்தான் எல்லாமே இருக்கிறது. நெதர்லாந்தில் 1,600-க்கும் மேற்பட்ட முழுநேர ஊழியர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2008-இல் வெளிவந்தது. தானாக விரும்பி ஓவர்டைம் பார்த்தவர்கள், அதற்குத் தனியாகப் பலன் எதுவும் கிடைக்காவிட்டாலும்கூட, பெரிதாகக் களைத்துப்போகவில்லை. வேலையில் திருப்தியோடு இருந்தார்கள். விருப்பமில்லாமல் செய்தவர்களிடம் களைப்பு அதிகம், திருப்தி குறைவு. பலனும் இல்லாமல் விருப்பமும் இல்லாமல் செய்தவர்களின் நிலைமை எல்லோரையும்விட மோசம். காசு காயத்துக்குக் கொஞ்சம் மருந்து போடுகிறது, அவ்வளவுதான். நாளைக்கு என்ன நேரத்தில் வீட்டில் இருப்பேன் என்பது தன் கையில் இல்லை என்கிற உணர்வை அது தீர்ப்பதில்லை.

டொபீகாவில் இது எப்படி வெளிப்பட்டது என்று பார்க்க நிறுவனத்தின் பதிலையே எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த விவகாரத்திலேயே மிக முக்கியமான ஆவணம் அதுதான். தொழிலாளர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று சொன்ன நிறுவனம் தன் பதிவேட்டிலிருந்து எண்களை எடுத்துப் போட்டது: 2021-இல் ஏதோ ஒரு வாரத்தில் 84 மணி நேரம் வேலை செய்தவர்கள் 19 பேர்தான், அவர்களிலும் 16 பேர் தாங்களாக முன்வந்து செய்தவர்கள், கட்டாயத்தின் பேரில் செய்தவர்கள் 3 பேர் மட்டுமே.

அந்த எண்கள் அப்படியே சரி என்று வைத்துக்கொள்வோம். 850 பேரில் 3 பேர். இதற்காகவா 600 பேர் கூலியை விட்டுவிட்டு வெயிலில் நிற்பார்கள்? எண் பொய் என்று வாதாட வேண்டிய அவசியமே இல்லை. அது தப்பான கேள்விக்கு வந்த சரியான பதில். ஒழுகும் கூரைக்குக் கீழே படுப்பவனிடம் போய், இந்த மாதம் மூன்றே நாள்தான் மழை பெய்தது என்று கணக்குக் காட்டுவதைப் போன்றது அது. அவன் மாதம் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருப்பான்.

84 மணி நேரத்தைத் தொட்டவர்களை மட்டும் எண்ணினால், 70 மணி நேரம் செய்தவர் கணக்கில் வர மாட்டார். 56 மணி நேரம்தான் செய்தார், ஆனால் அதில் இரண்டு நாள் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் பிடித்து நிறுத்திவைக்கப்பட்டார் என்றால் அவரும் வர மாட்டார். யாரும் நிறுத்தவே இல்லை, ஆனால் சனிக்கிழமை மகளின் பள்ளி விழாவுக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுக்கத் துணியாதவர் எந்தப் பதிவேட்டிலும் வரமாட்டார். கட்டாய ஓவர்டைமின் பாதிப்பு அதை உண்மையில் செய்தவர்களோடு நிற்பதில்லை; எப்போது வேண்டுமானாலும் தன் பெயர் வரலாம் என்று இருக்கிற எல்லோர் மேலும் விழுகிறது. மணிக்கணக்குப் பதிவேடு வேலை செய்த நேரத்தை அளக்கும். காத்திருந்த நேரத்தை, தயங்கிய நேரத்தை அளக்க அதில் பத்தி கிடையாது.

அந்த 16 பேரின் 'விருப்பம்' பற்றியும் யோசிக்கலாம். வெள்ளிக்கிழமை நானாகக் கைதூக்கி ஒரு ஷிஃப்டை எடுத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பிடிக்க மாட்டார்கள் என்ற கணக்கில் கைதூக்குவதும் பதிவேட்டில் விருப்பம் என்றுதான் ஏறும். அந்த 16 பேரும் அப்படித்தான் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கட்டாயம் இருக்கிற ஆலையில் விருப்பம் எவ்வளவு என்று தனியாகப் பிரித்து அளக்க முடியாது என்பதை எந்த லைன் சூப்பர்வைசரிடம் கேட்டாலும் ஒத்துக்கொள்வார்.

சுழல்

இப்படிப்பட்ட இடங்களில் ஒரு சுழல் உருவாகும். ஆள் குறைவு, அதனால் இருப்பவரை நிறுத்திவைக்கிறார்கள். நிறுத்திவைத்துக் களைத்தவர் லீவு போடுகிறார், அல்லது வேலையையே விடுகிறார். ஆள் இன்னும் குறைகிறது. நிறுத்திவைப்பது கூடுகிறது. சங்கம் உள்ள அமெரிக்க ஆலைகள் பலவற்றில் இன்னொரு வழக்கமும் உண்டு: ஓ.டி. விரும்புவோரை மூப்பு வரிசையில் மேலிருந்து கீழாகக் கேட்பார்கள்; யாரும் வராவிட்டால் கட்டாயப்படுத்துவதைக் கீழிருந்து மேலாகத் தொடங்குவார்கள். அதாவது கடைசியாகச் சேர்ந்தவன்தான் முதலில் மாட்டுவான். மூத்தவர்களுக்கு இது நியாயமாகத்தான் படும், அவர்களும் ஒரு காலத்தில் அனுபவித்தவர்கள்தானே. ஆனால் சேர்ந்து மூன்று வாரமான பையன், வேலை இன்னும் கைக்குப் பழகவில்லை, அவனைத்தான் ஞாயிறும் திங்களும் சேர்த்துப் பிடிக்கிறார்கள் என்றால் அவன் ஏன் இருக்கப்போகிறான்? 2021-இல் அமெரிக்காவில் வேறு வேலை கிடைப்பது சுலபமாகவும் இருந்தது. கிடங்குகளும் கடைகளும் ஆள் தேவை என்று பலகை மாட்டி வைத்திருந்த ஆண்டு அது. புதிதாக எடுத்தவர்கள் நிலைப்பதில்லை என்பது சங்கத்தின் புகார்களில் ஒன்று.

ஆக, ஆள் பற்றாக்குறைக்கு மருந்தாகப் போட்ட கட்டாய ஓ.டி.யே அந்தப் பற்றாக்குறையை வளர்க்கிறது. நிர்வாகத்துக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் வேலையை விட்டுப் போகிறவன் போகும் செலவு ஒரு கணக்கில் எழுதப்படுகிறது, இன்றைய உற்பத்தி இலக்கு வேறொரு கணக்கில் எழுதப்படுகிறது. இரண்டாவது கணக்கைத்தான் தினமும் காலையில் கேட்கிறார்கள்.

உள்ளே இருப்பவர்களுக்கு நடுவிலும் இது வேலை செய்யும். உடம்பு சரியில்லை என்று ஒருவர் லீவு சொன்னால் அவர்மேல் இரக்கம் வராது, கோபம் வரும். ஏனென்றால் அவர் இடத்தை நிரப்பப் போவது தன் ஞாயிற்றுக்கிழமை. அடுத்த ஷிஃப்டுக்கு மாற்றாக வர வேண்டிய ரிலீவர் தாமதமாக வந்தால் நேற்று வரை கூடவே டீ குடித்தவர்மேல் எரிச்சல். சூப்பர்வைசர் நடந்துவருவதைப் பார்த்தால் கழிப்பறைப் பக்கம் ஒதுங்குகிற ஆட்கள் எல்லா ஆலையிலும் உண்டு. நல்ல சூப்பர்வைசர்கூட இந்த முறையில் கெட்ட பெயர் வாங்குவார். யாரைப் பிடிப்பது என்று முடிவு செய்கிற கை அவருடையது, ஆளே எடுக்காமல் விட்ட கை எங்கேயோ தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. வேலைப்பிடிப்பு போய்விட்டது என்று சொல்கிறோமே, அது பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. ஆயுத பூஜைக்கு மிஷினுக்குப் பொட்டு வைக்கிறவன் ஒரு நாளில் மிஷினை வெறுப்பதில்லை. பக்கத்து ஆள்மேல், சூப்பர்வைசர்மேல், கடைசியில் தன்மேலேயே சலித்துப்போய் மனசு விட்டுப்போகிறது.

டொபீகாவில் அது எந்த அளவுக்குப் போயிருந்தது என்பதற்கு, அங்கே வேலை பார்த்த ஒருவர் உள்ளூர் நாளிதழுக்கு எழுதிய திறந்த கடிதம் சாட்சி. லைனில் ஒரு சக தொழிலாளி விழுந்து இறந்தபோது உடலை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் இன்னொருவரை நிறுத்தி லைனை ஓடவிட்டார்கள் என்று அதில் இருந்தது. நிறுவனம் இதை மறுத்தது. எது உண்மை என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் தன் நிறுவனம் அப்படிச் செய்யும் என்று ஒரு தொழிலாளி தன் பெயரைப் போட்டு எழுதுகிறார், கூட வேலை பார்க்கிற நூற்றுக்கணக்கானவர்கள் வாசலுக்கு வந்து நிற்கிறார்கள் என்னும்போது, அந்த நம்பிக்கை எந்தக் கட்டத்தில் அறுந்தது என்று மனிதவளத் துறை யோசித்திருக்க வேண்டும். பதிவேட்டு எண்களை வெளியிட்டது அதற்குப் பதில் ஆகாது.

ஏன் ஆள் எடுக்காமல் ஓ.டி.?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அமெரிக்காவின் நியாயமான உழைப்புத் தரச் சட்டம் 1938-இல் வந்தது. பெருமந்தக் காலம், லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை இல்லை. ஒன்றரை மடங்குக் கூலி என்பதை அன்றைக்குத் தொழிலாளிக்கான பரிசாக மட்டும் நினைக்கவில்லை, முதலாளிக்கான அபராதமாகவும் நினைத்தார்கள். ஒரே ஆளை 60 மணி நேரம் வேலை வாங்குவதைவிட இன்னொரு ஆளை எடுப்பது மலிவு என்று ஆக்கிவிட்டால் வேலை பலருக்குப் பரவும் என்பது கணக்கு. ஆனால் வயது வந்தவரை வாரத்தில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அந்தச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. அபராதத்தைக் கட்டினால் போதும், 84 மணி நேரமும் சட்டப்படி சரி. மாட்டேன் என்று சொன்னால் வேலையை விட்டு அனுப்புவதையும் அது தடுக்கவில்லை.

பிறகு அந்த அபராதத்தின் வலியே குறைந்துபோனது. அமெரிக்காவில் பெரும்பாலானவர்களுக்கு மருத்துவக் காப்பீடு முதலாளி வழியாகத்தான் கிடைக்கிறது. அது தலைக்கு இவ்வளவு என்கிற செலவு. அந்தத் தலை 40 மணி நேரம் செய்தாலும் 60 மணி நேரம் செய்தாலும் காப்பீட்டுத் தொகை மாறாது. புது ஆளுக்குப் பயிற்சி, சீருடை, விடுப்பு எல்லாம் சேர்த்தால், பழைய ஆளுக்கு ஒன்றரை மடங்கு கொடுப்பது பல சமயம் லாபமாகிவிடுகிறது. இதில் யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கணக்குத் தெரிந்த ஒரு நல்ல மனிதர் அலுவலகத்தில் உட்கார்ந்து போட்டாலும் இதே விடைதான் வரும்.

அந்தக் கணக்கில் உற்பத்தி மணிக்கு மணி ஒரே மாதிரி வரும் என்று ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. அது தப்பு என்று முதல் உலகப்போர்க் காலத்திலேயே தெரிந்துவிட்டது. பிரிட்டனில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் ஞாயிறும் விடாமல் வேலை வாங்கியபோது அரசே ஒரு குழு போட்டு நேரத்தையும் உற்பத்தியையும் அளந்து வைத்தது. ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, 2014-இல், ஒரு பொருளியலாளர் அந்தத் தரவுகளை எடுத்து மறுபடி அலசினார். வாரம் 50 மணி நேரத்தைத் தாண்டியதும் கூடுதல் மணிக்குக் கிடைக்கும் உற்பத்தி சரியத் தொடங்குகிறது. 70 மணி நேரம் வேலை செய்தவர்களின் மொத்த உற்பத்திக்கும் 56 மணி நேரம் வேலை செய்தவர்களின் உற்பத்திக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. கடைசி 14 மணி நேரம் கிட்டத்தட்ட வீண். அமெரிக்க மருத்துவமனைகளில் இதுவே இன்னும் ஆபத்தான வடிவத்தில் வந்தது: 2004-இல் 393 செவிலியர்களின் நாட்குறிப்புகளை வைத்துச் செய்த ஆய்வில், 12.5 மணி நேரமோ அதற்கு மேலோ நீண்ட ஷிஃப்டில் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்கானது. செவிலியர்களைக் கட்டாய ஓ.டி.யில் நிறுத்துவதற்கு அங்கே பல மாநிலங்கள் தனிச்சட்டம் போட்டுக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. நோயாளிக்கு ஆபத்து என்றால் சட்டம் வருகிறது. சிப்ஸ் பாக்கெட்டுக்கு ஆபத்து என்று யாரும் சட்டம் போட மாட்டார்கள், சரி.

முடிந்த விதம்

வேலைநிறுத்தம் ஏறக்குறைய மூன்று வாரம் நடந்தது. ஃப்ரிட்டோ-லே பொருட்களையும் பெப்சி பானங்களையும் வாங்காதீர்கள் என்ற அழைப்பு பரவியது; ஊர்க்காரர்கள் தண்ணீரும் சாப்பாடும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜூலை 24 வாக்கில் புது ஒப்பந்தம் ஓட்டெடுப்பில் நிறைவேறியது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம், எல்லா வேலைப் பிரிவினருக்கும் இரண்டு ஆண்டுகளில் 4 சதவீத ஊதிய உயர்வு, வாரத்தில் ஒரு நாளாவது கட்டாய விடுப்பு, அந்த ஸ்க்வீஸ் ஷிஃப்ட் முறை ஒழிப்பு, ஆள் எடுப்பதிலும் ஓவர்டைம் பங்கீட்டிலும் சங்கம் கருத்துச் சொல்லக் கூடுதல் இடம்.

ஊதிய உயர்வைப் பார்த்தால் இது வெற்றியா என்றே சந்தேகம் வரும். அமெரிக்காவில் விலைவாசி அந்த ஆண்டுதான் ஏறத் தொடங்கியிருந்தது. இரண்டு ஆண்டுக்கு 4 சதவீதம் என்பது கையைக் கடிக்கிற உயர்வு. வாரம் ஒரு நாள் விடுப்பு என்பதும் கேட்கவே கூச்சமான விஷயம், 2021-இல், உலகின் பணக்கார நாட்டில், மூன்று வாரம் கூலி இழந்து வாங்க வேண்டியிருந்தது. இன்னொன்றும் இருக்கிறது. ஒரு நாள் விடுப்பு போக மீதி 6 நாள். நாளைக்கு 12 மணி என்றால் 72 மணி நேரம். அந்த ஒரு விதியை மட்டும் வைத்துக்கொண்டு அதைத் தடுக்க முடியாது.

ஆனாலும் ஒப்பந்தத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது கடைசியாகச் சொன்ன அம்சம்தான்: ஆள் எடுப்பதிலும் ஓ.டி.யிலும் சங்கத்துக்குக் கிடைத்த பேச்சுரிமை. ஸ்க்வீஸ் ஷிஃப்டை ஒழித்ததும் அந்த வகையில்தான் முக்கியம். அதிகாலை 3 மணிக்கு வரச் சொல்லிப் பிடிக்க மாட்டார்கள் என்று தெரிந்தாலே இன்றைய இரவு தன்னுடையது ஆகிவிடுகிறது. மொத்த மணி நேரம் அப்படியே இருந்தாலும் இந்த ஒரு உறுதியில் மனிதன் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவான்.

பின்தொடர்ந்தவை

அதே சங்கம் அந்த ஆண்டில் இன்னும் இரண்டு பெரிய வேலைநிறுத்தங்களை நடத்தியது. ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஆரெகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் நபிஸ்கோ பிஸ்கட் ஆலையில் தொடங்கி வேறு ஊர்களுக்கும் பரவியது. செப்டம்பர் நடுவில் முடிந்தது. அக்டோபர் 5 முதல் டிசம்பர் 21 வரை கெல்லாக்ஸ் நிறுவனத்தின் நான்கு தானிய ஆலைகளில் சுமார் 1,400 பேர். கெல்லாக்ஸில் பெரிய சண்டை பழையவர்களுக்கு ஒரு கூலி, புதியவர்களுக்குக் குறைந்த கூலி என்கிற இரட்டை முறை பற்றி. ஆனால் வாரத்துக்கு 72, 84 மணி நேரம் என்ற அதே பேச்சு அங்கேயும் கேட்டது. வேலைநிறுத்தக்காரர்களுக்குப் பதிலாக நிரந்தரமாக வேறு ஆட்களை எடுப்போம் என்று நிறுவனம் மிரட்டியபோது அதிபர் பைடனே கண்டித்து அறிக்கை விட்டார்.

நபிஸ்கோவில் கதை வேறு மாதிரி, அதனால்தான் அதைச் சொல்ல வேண்டும். அங்கே நிர்வாகம் 12 மணி நேர ஷிஃப்டாக மாற்றி, 8 மணி நேரத்துக்கு மேலும் வார இறுதியிலும் கிடைத்துவந்த கூடுதல் கூலியைக் குறைக்கப் பார்த்தது. தொழிலாளர்கள் ஓ.டி. கூலியைக் காப்பாற்றப் போராடினார்கள். ஓர் ஆலையில் ஓ.டி.யே வேண்டாம், இன்னோர் ஆலையில் ஓ.டி. காசை எடுக்காதே. முரண்பாடாகத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு இடத்திலும் என் நேரத்தை என்னைக் கேட்காமல் மாற்றி எழுதாதே என்றுதான் சொன்னார்கள்.

நம் ஊரில் இந்த 'கேட்பது' என்பதைச் சுற்றியே ஒரு பெரிய சண்டை நடந்தது நினைவிருக்கும். இந்தியாவில் அப்போது இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிட இந்த விஷயத்தில் கறாராக இருந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம், ஓ.டி. சேர்த்தாலும் பொதுவாக 60-ஐத் தாண்டக் கூடாது, ஓ.டி.க்கு இரட்டைக் கூலி, வாரம் ஒரு நாள் விடுப்பு. காகிதத்தில் 84 மணி நேரம் இங்கே நடந்திருக்கவே முடியாது. 2023 ஏப்ரல் 21-இல் தமிழ்நாடு சட்டமன்றத்தில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நிறைவேறியது. விருப்பப்படும் தொழிலாளர்களுக்கு மட்டும்தான், வாரம் 4 நாள் வேலை, 3 நாள் விடுப்பு என்றெல்லாம் அமைச்சர்கள் விளக்கினார்கள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றாவது நாளே மசோதா நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். எதிர்த்தவர்கள் கேட்டதன் சாரம்: ஆலைக்குள் விருப்பம் என்பதை யார், எப்படிக் கேட்பார்கள்?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பிலும் ஓ.டி.க்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்று இருக்கிறது. நல்ல வரி. டொபீகாவின் 16 பேரை வைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்தால்தான் அதில் எது விட்டுப்போயிருக்கிறது என்று தெரியும். சம்மதத்தை ஷிஃப்ட் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது, லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிற அதே சூப்பர்வைசர் கேட்டால் அது சம்மதமா? எத்தனை நாள் முன்னால் கேட்க வேண்டும், மாட்டேன் என்று சொன்னதை எங்கே எழுதி வைப்பார்கள், அப்படிச் சொன்ன கான்ட்ராக்ட் தொழிலாளியின் பெயர் அடுத்த மாதம் பட்டியலில் இருக்கிறதா என்று எந்த ஆய்வாளர் வந்து பார்ப்பார்? நிறுவனங்கள் ஓ.டி. மணிக்கணக்கைக் காட்டுகிற பதிவேட்டில், மறுத்தவர்களின் எண்ணிக்கைக்கும் ஒரு பத்தி போடச் சொன்னால் போதும். மாதக்கணக்கில் அந்தப் பத்தியில் பூஜ்யமே வந்துகொண்டிருந்தால் ஆய்வாளர் முதலில் போக வேண்டிய ஆலை அதுதான்.